பிளாக்மார்-டீமர் பித்துப் பிடித்தவர்களுக்கு: ஒரே ஓப்பனிங்கை வைத்து இணையத்தில் கூட்டம் சேர்ப்பது எப்படி

பிளாக்மார்-டீமர் காம்பிட் என்பது செஸ்ஸில் ஒரு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை. வேகத்துக்காக ஒரு சிப்பாயைப் பலி கொடுப்பதுதான் காம்பிட். இதை ஆடுகிறவர் ஒரு செஸ் கிளப்பில் ஒருவர் இருந்தாலே அதிகம். எங்கள் பகுதிக் கிளப்பில் அந்த ஒருவர் நான்தான். தெரிந்தவர்களிடம் காட்டினால், "சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன செய்யப்போகிறாய்?" என்பார்கள். கணினியில் போட்டுப் பார்த்தால் அதுவும் உதட்டைப் பிதுக்கும். இருந்தாலும் விட மனசு வரவில்லை. கடைசியில் இணையத்தில் ஆள் தேடினேன். இன்று நாங்கள் ஏழு பேர். அந்த அனுபவத்தில் எழுதுவதுதான் இது. உங்கள் காதல் லாட்வியன் காம்பிட்டாகவோ லண்டன் சிஸ்டமாகவோ இருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவையேதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டம் சேர்க்க, கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமான ஓப்பனிங்தான் நல்லது. உறுதியான ஓப்பனிங்குக்கு மாஸ்டர்களின் ஆட்டங்களும் புத்தகங்களும் வீடியோக்களும் மலைபோல் கிடக்கின்றன. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க ஒன்றும் மிஞ்சாது. ஓட்டை உள்ள ஓப்பனிங்கில் ஏழாவது நகர்த்தலிலேயே "இப்போது என்ன செய்வது?" என்ற கேள்வி வந்து நிற்கும். அதற்கு நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். கூட்டம் உயிரோடு இருக்க அது போதும்.

படி 1: எந்த இடத்தில் நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"எங்களுக்கு காம்பிட் பிடிக்கும்" என்று ஆரம்பித்தால் அது அரட்டைக் கூட்டமாகிவிடும். பலகையில் ஒரு குறிப்பிட்ட நிலை வேண்டும். எங்களுடையது இது. (எழுத்து கட்டத்தின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை.) வெள்ளைச் சிப்பாய் டி4, கறுப்புச் சிப்பாய் டி5. வெள்ளை உடனே இ4 தள்ளும், கறுப்பு வெட்டும். வெள்ளைக் குதிரை சி3-க்கு வரும், கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வரும். வெள்ளை எஃப்3 தள்ளும், கறுப்பு அதையும் வெட்டும், வெள்ளை ராஜா பக்கக் குதிரையால் திரும்ப வெட்டும். ஐந்து நகர்த்தல் முடிந்தபோது வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறைவு. பதிலுக்கு இ, எஃப் இரண்டு வரிசைகளிலும் வெள்ளையின் வழியை மறிக்க அதன் சொந்தச் சிப்பாய் இல்லை, காய்களும் சீக்கிரம் வெளியே வந்துவிடும். கூட்டத்துக்கு வருகிற எல்லோரும் இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எதிராளி ஒத்துழைத்தால்தான் இந்த நிலை வரும். இ4 தள்ளியதும் வெட்டாமல் இ6 என்று வைத்தால் அது பிரெஞ்சு டிஃபென்ஸ், சி6 என்றால் காரோ-கான், இரண்டுமே வேறு ஓப்பனிங்குகள். பத்து நாள் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனால், அன்றைக்கென்று ஒருவரும் சிப்பாயை வெட்டமாட்டார்கள். வேண்டிய நிலையை வேண்டிய அளவு ஆடிப் பார்க்க, அதே நிலையில் உட்காரச் சம்மதிக்கிற ஆட்கள் தேவை. கூட்டத்தின் முதல் பயன் இதுதான்.

படி 2: முன்னோர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை வரலாற்றுப் பாடம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இசைப் பதிப்பாளராக இருந்த அர்மாண்ட் பிளாக்மார் 1880-களில் இந்த எண்ணத்தைப் பிரபலப்படுத்தினார். அவர் குதிரையை வெளியே எடுக்காமல் நேராக எஃப்3 தள்ளினார். கறுப்பு இ5 என்று பதில் அடித்தால் அவர் திட்டத்தின் பல் பிடுங்கப்பட்டுவிடும். முதலில் குதிரை சி3, பிறகு எஃப்3 என்ற வரிசைக்குத்தான் ஜெர்மனியின் எமில் யோசஃப் டீமர் (1908–1990) வாழ்நாள் முழுக்க வக்காலத்து வாங்கினார். ஆடியதைப் போலவே எழுதியும் தள்ளியவர் அவர். 1950-களில் இந்த காம்பிட்டுக்காகவே சுற்றிதழ் நடத்தினார். 1960-களில் அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து நிகோலாய்ஸ் கம்பார்ஸ் இதற்கென்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். 1983-ல் டாம் பர்சர் 'பிடிஜி வேர்ல்டு' (பிடிஜி என்பது இந்த காம்பிட்டின் ஆங்கில எழுத்துச் சுருக்கம்) என்ற இதழைத் தொடங்கினார்.

உலகச் சாம்பியன்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு ஓப்பனிங்கைத் தபால்தலை ஒட்டியே உயிரோடு வைத்திருந்தவர்கள் அமெச்சூர்கள். ஒரு கார்டில் ஒரு நகர்த்தல், பதில் வரும்வரை காத்திருப்பு. நாம் செய்யப்போவதும் அதே வேலைதான், தபால்காரர் மட்டும் இல்லை. புதிதாக வருகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கண்ணில் வெளிச்சம் வந்தால் அவர் நம்ம ஆள்.

படி 3: ஆட்களைக் கண்டுபிடிப்பது

லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருக்கிறது, எந்த நகர்த்தல் எத்தனை ஆட்டத்தில் வந்தது என்று காட்டும், இலவசம்தான். அதில் மாஸ்டர்களின் ஆட்டத் தொகுப்பைப் பார்த்தால் நம் காம்பிட் கண்ணில் படுவதே அபூர்வம், மனசும் உடைந்துபோகும். லிசெஸ் ஆட்டக்காரர்களின் தொகுப்பைத் திறந்து, உங்கள் ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான புள்ளி) வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். நம் நிலைவரை காயை நகர்த்திக்கொண்டே போனால், அங்கே வந்துசேர்ந்த ஆட்டங்கள் சில கீழே பட்டியலாகத் தெரியும். வெள்ளைக் காய் பக்கம் இருக்கும் பெயரைச் சொடுக்கி அவருடைய மற்ற ஆட்டங்களையும் பாருங்கள். ஒருமுறை தவறிப்போய் ஆடியவரா, திரும்பத் திரும்ப ஆடுகிறவரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்ப ஆடுகிறவருக்குச் செய்தி அனுப்புங்கள். "எங்கள் குழுவில் சேர வாருங்கள்" என்று ஆரம்பித்தால் விளம்பரம் என்று நினைத்துவிடுவார். அவருடைய ஒரு ஆட்டத்தைக் குறிப்பிட்டு, "ஒன்பதாவது நகர்த்தலில் பிஷப்பை ஏன் ஜி5-க்குக் கொண்டுபோனீர்கள்? நான் அங்கே எப்போதும் காஸ்லிங் செய்துவிடுவேன்" என்று கேளுங்கள் (காஸ்லிங் என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது). செஸ் ஆடுகிறவருக்குத் தன் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது பலகாரம் கிடைத்த மாதிரி. நான் முதலில் பதினோரு பேருக்கு எழுதினேன். நாலு பேர் பதில் போட்டார்கள், இரண்டு பேர் இன்றுவரை இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் கேள்விக்கு இரண்டு பக்கப் பதில் எழுதியிருந்தார், கடைசி வரியில் என் காஸ்லிங் தப்பு என்று நிரூபித்திருந்தார்.

ஒருவரைத் தோற்கடித்த கையோடு மட்டும் அழைக்காதீர்கள். ஒரு நாள் போகட்டும்.

படி 4: ஆளுக்கு ஒரு தடுப்பு, அதுவும் கறுப்புப் பக்கம்

ஆறிலிருந்து எட்டு பேர் சரியான அளவு. நாலுக்குக் கீழே போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் நின்றுவிடும். பத்தைத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் உருப்படியான விதி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: ஒவ்வொருவரும் கறுப்பின் ஒரு தடுப்பைத் தத்தெடுக்க வேண்டும். ஐந்தாவது நகர்த்தலில் கறுப்புக்கு ஐந்து முக்கிய வழிகள் உண்டு. ஜி6 வைத்தால் போகோல்யூபோவ். பிஷப்பை ஜி4-க்குக் கொண்டுவந்தால் டைக்மான். இ6 என்றால் ஆய்வே. பிஷப் எஃப்5 என்றால் குண்டராம். சி6 என்றால் சீக்ளர். டைக்மானை எடுத்துக்கொண்டவர் அந்த வீட்டுக்காரர். கறுப்பாக உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் அடிப்பதுதான் அவர் வேலை.

காரணம் இருக்கிறது. காம்பிட் பிரியர்கள் எல்லோரும் வெள்ளையாகவே ஆட ஆசைப்படுவோம். அப்படி விட்டால் ஜெயித்த ஆட்டங்களைக் காட்டிப் பெருமை பேசும் சங்கமாகிவிடும். எங்கள் முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது, ஆளாளுக்குத் தன் பத்து நகர்த்தல் செக்மேட்டைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தோம். தடுப்புகளைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான், எங்கள் செல்ல ஓப்பனிங் எவ்வளவு இடத்தில் ஒழுகுகிறது என்று தெரிந்தது.

டைக்மானையே எடுத்துக்கொள்வோம். பிஷப் ஜி4-க்கு வந்ததும் வெள்ளை எச்3 தள்ளி விரட்டும். கறுப்பு பின்வாங்காமல் எஃப்3 குதிரையை வெட்டும், வெள்ளை ராணியால் திரும்ப எடுக்கும். அப்புறம் கறுப்பு சாதுவாக சி6 வைக்கும். பார்த்தால் ஒன்றும் இல்லாத நகர்த்தல். ஆனால் பி7-ஐக் குறிவைத்த ராணியின் பார்வை அடைபட்டுவிட்டது, கறுப்பு ராணி டி4 சிப்பாயை முறைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது என்ன? பிஷப்பை இ3-க்குக் கொண்டுவந்து டி4-ஐக் காப்பாற்றலாம், ஆனால் வேகம் குறைந்துவிடும். ராணியை எஃப்2-க்கு இறக்கலாம், ராணியைக் காவல்காரியாக்கிய மாதிரி இருக்கும். டி4 போனால் போகட்டும் என்று ஜி4 தள்ளலாம், இரண்டாவது சிப்பாயும் போய்விடும். இந்த மூன்றுக்கும் எங்களில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. நான் ஜி4 கட்சி. சேர்த்துப் பார்த்தால் தோற்றதுதான் அதிகம், ஆனாலும் கட்சி மாறவில்லை.

படி 5: சொற்களில் ஒரு ஒப்பந்தம்

தமிழில் பேசப்போகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே முடித்துவிடுங்கள். எங்களில் ஒருவர் ராணியை மந்திரி என்பார், இன்னொருவர் பிஷப்பை மந்திரி என்பார். மூலையில் நிற்கும் காய் ஒருவருக்கு யானை, இன்னொருவருக்குக் கோட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை "மந்திரியை எச்6-ல் பலி கொடு" என்று ஒருவர் சொல்ல, இருபது நிமிடம் வேறு வேறு காய்களைப் பற்றிச் சண்டை போட்டோம். இப்போது ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று நிலைப்படுத்திக்கொண்டோம். 'மந்திரி' தடை செய்யப்பட்ட சொல்.

படி 6: பொதுவான நோட்டுப் புத்தகம்

லிசெஸில் 'ஸ்டடி' என்ற வசதி இருக்கிறது. பலர் சேர்ந்து எழுதக்கூடிய நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டடிக்குள் 64 அத்தியாயங்கள்வரை போடலாம். எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுங்கள், வெளியாட்களுக்குத் தெரிய வேண்டுமா என்பதை அமைப்பில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் தனி ஸ்டடி வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டினால் நாலு மாதத்தில் பரண் மாதிரி ஆகிவிடும்.

அத்தியாயத்துக்குத் தலைப்பு வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். "ஆட்டம் 14" என்று வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். "போகோல்யூபோவ்: ராணி எச்4 போனபின் டி4 விழுந்த கதை" என்று வைத்தால் திறப்பார்கள். அது நடந்த கதைதான். ஜி6 தடுப்புக்கு எதிராக வெள்ளை பிஷப்பை சி4-ல் வைத்து, காஸ்லிங் செய்து, ராணியை இ1 வழியாக எச்4-க்குக் கொண்டுபோகும். இதற்கு ஸ்டூடியர் தாக்குதல் என்று பெயர். அடுத்து பிஷப் எச்6, குதிரை ஜி5 என்று ராஜா மேல் பாயவேண்டியதுதான். படிக்கவே இனிக்கும். ஆனால் கறுப்பு குதிரையை சி6-க்கும் பிஷப்பை ஜி4-க்கும் கொண்டுவந்துவிட்டால், டி4-க்கு இருக்கிற ஒரே காவலான எஃப்3 குதிரைக்கே ஆபத்து. ராணி ஊர்வலம் போன நேரத்தில் வீட்டில் திருட்டு.

தோற்ற ஆட்டத்தைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு தோல்வி ஏற்றினால்தான் ஒரு வெற்றி ஏற்றலாம்.

படி 7: ஒரே நிலையிலிருந்து இரட்டை ஆட்டம்

நண்பருக்குச் சவால் விடும்போது 'நிலையிலிருந்து தொடங்கு' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, பலகை எடிட்டரில் நம் நிலையை வைத்துவிட்டால் ஆட்டம் நேராக ஆறாவது நகர்த்தலுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும். இந்த ஆட்டங்கள் ரேட்டிங்கில் சேராது. அது நல்லதுதான், புள்ளி போய்விடும் என்ற பயம் இல்லாமல் ஆளுக்கொரு கோமாளித்தனம் செய்து பார்க்கலாம். எப்போதும் இரண்டு ஆட்டம், நிறத்தை மாற்றி.

நேரம் 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்திருக்கிறோம். பிளிட்ஸ் வேண்டாம். மூன்று நிமிட ஆட்டத்தில் எந்த காம்பிட்டும் நல்ல காம்பிட்டாகத்தான் தெரியும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடித ஆட்டம் பொருந்தும், நகர்த்தலுக்கு மூன்று நாள். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லிசெஸின் கடித ஆட்டத்தில் புத்தகம், ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் பார்க்கலாம், எஞ்சின் (நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி நிரல்) பார்க்கக் கூடாது. உடனடி ஆட்டத்தில் எதையுமே பார்க்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றிக் குழுவில் பேசுவதும் தப்பு. நல்ல நண்பர்களுக்குள்ளேயே இது வாய் தவறி நடந்துவிடும். "என் ஆட்டத்தில் இப்போது..." என்று யாராவது ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

ஆறு பேர் சேர்ந்துவிட்டால் ஒரு சின்னப் போட்டியே வைக்கலாம். எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 15 ஜோடி, நிறம் மாற்றி 30 ஆட்டம். இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து ஒரு விரிதாளில் குறித்துவாருங்கள். அரீனா போட்டியையும் (ஒரு ஆட்டம் முடிந்த உடனே அடுத்த எதிராளி வந்துவிடும் போட்டி) நம் நிலையிலிருந்தே தொடங்கும்படி அமைக்கலாம்தான், ஆனால் அங்கே அவசரம் அதிகம், ஆட்டம் முடிந்ததும் பேச நேரம் கிடையாது. எனக்கு அது சந்தைக்கடை.

படி 8: சந்திப்பு

வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒரே ஒரு ஆட்டம். இரண்டு ஆட்டம் எடுத்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும். ஆடியவர் முதலில் தான் நினைத்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பிறகுதான்.

வெளிநாட்டு நண்பர்கள் இருந்தால் கடிகாரத்தில் கவனம். நாம் வருடம் முழுக்க ஒரே நேரம். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தைத் திருப்புவார்கள். அமெரிக்காவும் கனடாவும் மார்ச் இரண்டாவது ஞாயிறே மாற்றிவிடும், ஆக நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாக் கணக்கும் குழம்பிக் கிடக்கும். ஒருமுறை ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்து, எல்லோரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்திப்பில் எஞ்சின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும். எங்கள் ஐந்து நகர்த்தல் நிலையைக் கொடுத்தால் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் கறுப்புக்குத்தான் ஓட்டுப் போடும், சுமார் அரைச் சிப்பாய் மதிப்புக்கு மேல். ஆரம்பத்திலேயே அதைத் திறந்துவிட்டால் அன்றைய பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எங்களைப் போன்ற 1500, 1600 ரேட்டிங் ஆட்களுக்கு அரைச் சிப்பாய் ஒரு பொருட்டா என்பது வேறு விஷயம்.

எஞ்சினை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஒரு உதாரணம். இந்தக் குடும்பத்தில் ரைடர் காம்பிட் என்று ஒன்று உண்டு. ஐந்தாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் ராணியால் எஃப்3-ல் வெட்டி, டி4-ஐயும் கொடுத்துவிடுவது. கறுப்பு ராணி டி4-ல் வெட்டும், வெள்ளை பிஷப் இ3-ல் துரத்தும், கறுப்பு ராணி பி4-க்கு ஓடும், வெள்ளை ராணி பக்கம் காஸ்லிங் செய்யும். இப்போது கறுப்பு ஆசையோடு பிஷப்பை ஜி4-ல் வைத்து ராணியைத் தாக்கினால், வெள்ளை தன் ராணியைக் கண்டுகொள்ளாமல் குதிரையை பி5-ல் வைக்கும். கறுப்பு அந்த வெள்ளை ராணியை வெட்டினால் குதிரை சி7-ல் செக் மேட். டி வரிசையில் யானை காவல், ராஜாவுக்கு ஓடவே இடம் இல்லை. பி5 குதிரையை ராணியால் வெட்டினால், எஃப்1 பிஷப் அந்த ராணியைச் செக்கோடு எடுத்துக்கொள்ளும். இதுதான் ஹலோசார் பொறி. எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

இதைக் குழுவில் முதலில் கையாலேயே துருவினோம். "கறுப்பு எங்கே தப்பிக்கும்?" என்று வாராவாரம் கேள்வி. மூன்றாவது வாரம் சீக்ளர் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார்: குதிரையை ஏ6-க்குக் கொண்டுவந்து சி7-ஐக் காக்கலாம், வெள்ளை ராணி பி7-ஐ வெட்டினால் கறுப்பு ராணி இ4-க்கு வந்து பி7 ராணியையும் இ3 பிஷப்பையும் ஒருசேரத் தாக்கும். அப்புறம்தான் எஞ்சினைத் திறந்தோம், அதுவும் அதையே காட்டியது. அவர் அன்று பேசிய தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். அச்சில் முன்பே வந்த விஷயம்தான் என்று பிறகு தெரிந்தது, அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

படி 9: ஆள் கழன்றுகொள்ளும்போது

நடக்கும். ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், ஒருவர் திடீரென்று காட்டலான் என்ற வேறு ஓப்பனிங்கை ஆட ஆரம்பித்துவிடுவார். விட்டுவிடுங்கள், ஸ்டடியில் அவர் பெயரை எடுக்காதீர்கள். எங்களில் ஒருவர் எட்டு மாதம் கழித்து ஒரு தோல்வியை ஏற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்தார்.

எஞ்சின் உதவியோடு ஆடுகிறார் என்று சந்தேகம் வந்தால் பொதுவில் கேட்காதீர்கள். நிர்வாகிக்குத் தெரிவிக்க தளத்திலேயே வழி இருக்கிறது. குழுவுக்குள் கேட்டே தீரவேண்டும் என்றால் தனியாக, அவருடைய ஒரு நகர்த்தலைக் காட்டி, "இதை எப்படி யோசித்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். உண்மையிலேயே யோசித்தவர் பத்து நிமிடம் பேசுவார். பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்தால் பெற்றோரில் ஒருவரும் குழுவில் இருக்கட்டும், தனிச் செய்தி வேண்டாம்.

முதல் மாதம் எப்படிப் போகலாம்

முதல் வாரம் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்புங்கள். இரண்டாவது வாரம் பதில் போட்டவர்களோடு ஆளுக்கு இரண்டு ஆட்டம். மூன்றாவது வாரம் தடுப்புகளைப் பிரித்துக் கொடுங்கள், யாருக்கும் ஆய்வே பிடிக்காது, அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது வாரம் முதல் சந்திப்பு. அதில் காட்டவேண்டிய ஆட்டம், அந்த மாதத்தில் நீங்கள் மிகக் கேவலமாகத் தோற்றது.